பிரம்புக்கு வேலியிட்ட அறிஞர்கள்: கைரவான் ஓதற்பள்ளிகள் தரும் பாடம்

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை மதரஸா வாசலில் சொல்லிச் செல்லும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்" என்று பிள்ளையை ஒப்படைப்போரும் உண்டு. ஓதல் என்றாலே பிரம்பும் உடன் வரும், மார்க்க முன்னோர்கள் காலந்தொட்டு அப்படித்தான் நடந்தது என்பது அவர்களின் எண்ணம். அந்த முன்னோர்கள் உண்மையில் என்ன எழுதிவைத்தார்கள் என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரம் ஹிஜ்ரி 50-இல் (கி.பி. 670) உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்) அவர்களால் நிறுவப்பட்டது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அது மாலிகீ மத்ஹபின் பெரும் கல்வி நகரமாகத் திகழ்ந்தது. அங்கே சிறுவர்கள் ஓதிய பள்ளிக்குக் 'குத்தாப்' என்று பெயர். அதை அரசு நடத்தவில்லை. ஆசிரியர் ஓர் இடத்தை அமர்த்திக்கொள்வார். பெற்றோர் பேசி முடித்த ஊதியத்தைத் தருவார்கள். பிள்ளைகள் மரப்பலகையில் எழுதி மனனம் செய்வார்கள். பின்னர் அதைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுவார்கள். உயர்கல்விக்குச் செல்லுமுன் பிள்ளைகளைப் பக்குவப்படுத்தும் ஆயத்தப் பள்ளி அதுவே.

அந்நகரின் பெரும் சட்ட அறிஞர், 'அல்-முதவ்வனா'வைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்). தம் மகனைக் குத்தாபில் சேர்த்தபோது, பாராட்டாலும் மென்மையான சொற்களாலுமே அவனைத் திருத்த வேண்டும், அடியும் கடுமையும் அவனுக்கு வேண்டாம் என்று ஆசிரியரிடம் அவர் கேட்டுக்கொண்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த மகனே இமாம் முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ரஹ், ஹிஜ்ரி 202–256). ஆசிரியர்களுக்கான ஒழுங்குகளைப் பற்றி அவர் எழுதிய 'ஆதாபுல் முஅல்லிமீன்', இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழமையான நூல்களுள் ஒன்று.

அந்நூல் ஆசிரியரின் கடமைகளை வரிசையாக வரையறுக்கிறது. ஏழைப் பிள்ளையையும் செல்வர் பிள்ளையையும் சமமாக நடத்த வேண்டும். பிள்ளைகளைத் தம் சொந்த வேலைகளுக்கு ஏவக் கூடாது. வீட்டார் உணவுக்காக அழைத்தால் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. தண்டித்தே ஆக வேண்டிய நிலையிலும், தந்தையின் அனுமதியின்றி மூன்று அடிகளுக்கு மேல் கூடாது. தலையிலோ முகத்திலோ அடிக்கவே கூடாது. கோபத்தோடு அடிக்கக் கூடாது. வரம்பு மீறியதால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் ஆசிரியரே அதற்கு ஈடு செய்ய வேண்டும். பிள்ளையின் நலன் இங்கே ஆசிரியர் காட்டும் கருணையாக மட்டும் விடப்படவில்லை, சட்டமாகவே ஆக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே நகரில் வாழ்ந்த இமாம் காபிஸீ (ரஹ்; மறைவு ஹிஜ்ரி 403) இன்னும் ஒரு படி சென்றார். ஆசிரியர் எப்போதும் கடுகடுத்த முகத்துடன் இருப்பதை அவர் கண்டித்தார். பிள்ளையைக் குரங்கு என்பது போன்ற இழிசொற்களால் ஏசுவதையும் தடுத்தார். உடலில் படும் அடிக்கு மட்டுமல்ல, மனத்தில் படும் அடிக்கும் அவர் கணக்குக் கேட்டார்.

நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), ஓதி முடித்த பிள்ளையை நன்கு விளையாட விட வேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்துப் படிப்பிலேயே வாட்டினால் பிள்ளையின் உள்ளம் மரத்துப்போகும், அறிவு மங்கும் என்பது அவர் தரும் காரணம். துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்), 1377-இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். கடுமையில் வளரும் பிள்ளை அடிக்குப் பயந்து பொய் சொல்லவும் நடிக்கவும் பழகுகிறது. காலப்போக்கில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். குர்ஆனைக் கற்பிக்க அமர்ந்து பொய்யைக் கற்பித்து அனுப்பினால், அதைவிடப் பெரிய நஷ்டம் ஏது?

இந்நூல்கள் அடியை அறவே தடுக்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாம் அவற்றின் அனுமதியை மட்டும் பற்றிக்கொண்டு நிபந்தனைகளைக் கைவிட்டுவிட்டோம். கோபமின்றி, எண்ணி, வரம்புக்குள், ஈட்டுக்கும் பொறுப்பேற்று அடிப்பவர் எவரேனும் உண்டா? அந்நிபந்தனைகளை உண்மையாகப் பேணுபவரின் கை பிரம்பை நாடுவதே அரிதாகிவிடும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்குச் சிறுவராகப் பணி செய்ய வந்த அனஸ் (ரலி), பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர்களிடமிருந்து 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியரின் வழிமுறை அது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்தது. 2012-இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. இதைச் சலுகையாக நாம் எண்ணிவிடக் கூடாது. அந்தச் சட்டம் நம் வாசலுக்கு வராவிட்டாலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் எழுதிய சட்டம் நம் கையில் இருக்கிறது.

பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, மாலையில் பசியோடும் களைப்போடும் நம் பிள்ளைகள் ஓத வருகிறார்கள். "எத்தனை ஜுஸ்வு முடித்தாய்?" என்று கேட்கும் பெற்றோர், "சாப்பிட்டாயா? யாரேனும் ஏசினார்களா? மனம் மகிழ்ச்சியாக இருந்ததா?" என்றும் கேட்க வேண்டும். கற்பிக்கும் நாம், பாடத்துக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் பொறுப்பாளிகள் என்பதை மறக்கலாகாது. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மறுமையில் அதைப் பற்றி நாம் வினவப்படுவோம்.

அந்த அமானிதத்தை மென்மையோடு பேணும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.