நடுகல்லும் திரைப்படமும்

போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டு வழிபடுவது பண்டைத் தமிழர் மரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் பலவற்றில் ஒரே ஒழுங்கைக் காண்கிறோம். இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர்ப் பூசலில், இன்னான் பட்டான் என்று சில வரிகளில் செய்தி முடிந்துவிடும். மிகையில்லை, புனைந்துரையில்லை. இறந்தவனுக்குச் செய்யும் முதல் மரியாதை, நடந்ததை நடந்தவாறே சொல்வதுதான் என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இவ்வெண்ணம் நமக்கு எழுந்தது ஒரு திரைப்படத்தால். சென்ற குடியரசு நாள் மாலையில், லோதி ரோடு குடியிருப்பில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிப் 'பார்டர்' என்னும் இந்திப் படத்தைப் பார்த்தோம். ஜே. பி. தத்தா இயக்கி 1997ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. குழந்தைகள் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்தனர், சுண்டல் வந்தது, ஆரவாரம் ஓங்கியது. ஆனால் படம் முடியும் தறுவாயில் கூடம் அடங்கிவிட்டது. திரையில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். விளக்கு ஏற்றப்பட்டதும், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நம்மிடம் வந்து, "மாமா, அவங்க எல்லாரும் நிஜமாவே செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்ததே இக்கட்டுரை.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு. இராசத்தான் மாநிலத்து ஜெய்சல்மேர் மாவட்டத்தில், மணற்பாலைக்கு நடுவே லோங்கேவாலா என்னும் சிறு எல்லைக் காவல்நிலை. அங்கிருந்தோர் பஞ்சாப் படையின் 23ஆம் பிரிவைச் சேர்ந்த சுமார் 120 பேர். அவர்களுக்குத் துணையாக எல்லைக் காவற்படையினர் சிலர். தலைவர் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. சுற்றுக்காவலுக்குச் சென்றிருந்த இளம் அதிகாரி தரம்வீர், இருளில் டாங்கிகளின் இரைச்சல் எல்லையைக் கடந்து நெருங்குவதைக் கேட்டுச் செய்தி அனுப்பினார். வந்தவை நாற்பதுக்கு மேற்பட்ட டாங்கிகள். உடன் இரண்டாயிரம் பேர் கொண்ட படை.

உதவி கேட்டார் சாந்த்புரி. விடியுமுன் உதவி வருவதற்கில்லை என்று விடை வந்தது. அக்காலத்து ஹண்டர் விமானங்கள் இரவில் போரிடும் கருவிகள் இல்லாதவை. இருந்து காப்பதா, பின்வாங்கி நடப்பதா என்னும் முடிவு அவரிடமே விடப்பட்டது. திறந்த மணல்வெளியில் கால்நடையாகச் செல்வோரை டாங்கிகள் எளிதில் பிடித்துவிடும், மேட்டிலிருந்தோ போரிடலாம். அவர் இருக்கத் துணிந்தார். பகைவர் மிக அருகில் வரும்வரை பொறுத்திருந்து சுட்டனர். எதிரே கம்பிவேலியைக் கண்ட பகைவர், அங்கே கண்ணிவெடி புதைத்திருப்பதாக ஐயுற்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தயங்கி நின்றனர். அந்தத் தயக்கமே விடியலைக் கொண்டுவந்து சேர்த்தது.

பொழுது புலர்ந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. வான்படைத் துணையின்றி வந்த டாங்கிகள் மணலில் சிக்கி, மறைவிடமின்றித் தவித்தன. முப்பதுக்கு மேற்பட்டவை அழிந்தன அல்லது கைவிடப்பட்டன. சாந்த்புரிக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. ஆக, அன்றைய வெற்றி இரவெல்லாம் நின்ற காலாட்படையின் உறுதிக்கும், காலையில் வந்த வான்படையின் ஆற்றலுக்கும் சேர்ந்தே உரியது. திரையில் முன்னவரே பெரிதும் தெரிவர்; பின்னவர் இறுதியில் வந்து மறைவர்.

இனி அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். அக்காவல்நிலையைக் காத்தவர்களுள் உயிர் நீத்தவர் இருவரே. படத்தில் மாண்டவராகக் காட்டப்பெறும் தரம்வீர் உண்மையில் உயிர் பிழைத்துப் பின்னர்க் கர்னல் பதவி வரை உயர்ந்தார். படத்தில் வீழும் எல்லைக் காவற்படை வீரர் பைரோன் சிங் ராத்தோர், சேனா பதக்கம் பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பி, 2022ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஜோத்பூரில் காலமானார். தாம் இறப்பதைத் திரையில் உலகமே கண்ட பிறகு, இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் அவர்!

இதனால் படத்தைப் பழித்தல் நம் கருத்தன்று. அப்படம் இல்லையேல் லோங்கேவாலா என்னும் பெயரை நம் குழந்தைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும், செத்தால்தான் வீரம் என்று இளநெஞ்சங்கள் எண்ணிவிடலாகாது. தம் வீரரைச் சாகவிடாமல் காத்து வென்ற தலைவனின் மதிநுட்பமும் வீரமேயன்றோ!

இப்படத்தைப் பற்றித் தில்லியில் எழுதுவோர் மற்றொரு செய்தியை மறத்தல் ஆகாது. நம் குடியிருப்பிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கிரீன் பார்க்கில் உபகார் என்றொரு திரையரங்கு இருந்தது. படம் வெளிவந்த 1997 ஜூன் 13ஆம் நாள், பிற்பகல் காட்சியின்போது, கீழே வண்டி நிறுத்துமிடத்திலிருந்த மின்மாற்றி தீப்பற்றியது. புகை மேல்மாடத்தை நிறைத்தது. கூடுதல் இருக்கைகளுக்காக வெளியேறும் வழியொன்று அடைபட்டிருந்தது. 59 பேர் மாண்டனர். அவருள் 23 பேர் குழந்தைகள். படைத்துறைக் கேப்டன் மன்ஜிந்தர் சிங் பிந்தரும் மனைவி மகனோடு அன்று உயிர் நீத்தார். பிறரை வெளியேற்ற அவர் பாடுபட்டதாகச் சொல்வர். பெற்றோர் பல்லாண்டு வழக்காடினர். 2015ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் திரையரங்கின் உரிமையாளர்க்கு 60 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

எண்ணிப் பாருங்கள். போரில் அக்காவல்நிலையைக் காத்து மாண்டவர் இருவர். அப்போரைப் படமாகப் பார்க்கச் சென்று மாண்டவர் 59 பேர். முன்னவரைக் காத்தது ஒரு தலைவனின் விழிப்பு. பின்னவரைக் கொன்றது பலருடைய அயர்ச்சி. திரையரங்கின் எதிரே அமைந்த நினைவுப் பூங்காவில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. அதுவும் ஒரு நடுகல்லே.

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா கேட் அருகே திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் போர்க்களங்களில் வீழ்ந்தோர் பெயர்கள் 25,000க்கு மேல் கல்லில் வெட்டப்பெற்றுள்ளன. மிகையில்லை. நம் சங்கத்துக் குழந்தைகளை ஒரு ஞாயிறன்று அங்கும், கிரீன் பார்க்குக்கும் அழைத்துச் செல்லலாம். கூடவே வேறொரு சிறு கடமையும் உண்டு. ஆண்டு விழாவில் கூட்டம் மிகும்போது கதவருகே நாற்காலி இடும் வழக்கம் நம்மிடமும் இருக்கின்றது. இவ்வாண்டு முதல் அதனை விட்டொழிப்போம்.

அச்சிறுமிக்கு நாம் சொல்லும் விடை இதுவே: "இல்லை அம்மா, அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். திரும்பாத இருவரையும் மறக்க வேண்டாம்."