கேட்கக் கற்ற கல்வி: இந்தியத் தொடர்பியல் படிப்பின் வரலாறும் பாலாற்றங்கரைத் தோல் வட்டாரமும்

ஒரு கைத்தொழில் எவ்வாறு பாடமாகிறது என்பதைப் பாலாற்றங்கரையில் வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் வட்டாரத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலின் ஓரத்தைச் சிறிது அரிந்து, வெட்டுமுகத்தில் சாயம் நடுப்பகுதிவரை ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பதம் சொல்லும் தேர்ச்சி, தலைமுறை தலைமுறையாகத் தோல் ஷாப் எனப்படும் பதனிடுமிடத்தின் குழியோரத்திலேயே கற்பிக்கப்பட்டு வந்தது. 1903ஆம் ஆண்டு ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்புகளைக் கொண்டு பதனிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதே நகரில் நிறுவப்பட்டது. அதற்குள் அந்தத் தேர்ச்சி வேதியியலின் ஒரு கிளையாக வகுப்பறைக்குள் நுழைந்திருந்தது. ஏறத்தாழ அதே அரை நூற்றாண்டில் செய்தித் தொழிலும் அச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தது.

இந்தியாவில் இதழியல், அதாவது செய்தியைத் திரட்டி எழுதிச் செப்பனிட்டு வெளியிடும் கலை, முதன்முதலாகப் பாடமானது சென்னை அடையாற்றில்தான். அன்னி பெசன்ட் அம்மையாரின் தேசியப் பல்கலைக்கழகம் 1920இல் இலக்கியப் படிப்பின் ஒரு பகுதியாக இதழியலைக் கற்பித்ததோடு, அவர் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழில் மாணவர்கள் செய்முறைப் பயிற்சி பெறவும் வழி செய்தது. அம்முயற்சி நீடிக்கவில்லை. 1938இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் தொடங்கிய சான்றிதழ்ப் படிப்பும் இரண்டே ஆண்டுகளில் நின்றது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி. பி. சிங் உருவாக்கிய துறைதான் முதன்முதலாக வேர்பிடித்தது; நாட்டுப் பிரிவினைக்குப் பின் தில்லிக்கு இடம்பெயர்ந்த அத்துறை, பின்னர் சண்டிகரில் நிலைபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும், கல்கத்தா 1950இலும், மைசூர் 1951இலும், நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரி 1952இலும் இதழியல் வகுப்புகளைத் தொடங்கின. இவை அனைத்தின் நோக்கமும் நாளிதழ் அலுவலகத்துக்கு ஆள் தயாரிப்பது என்ற அளவிலேயே நின்றது. படிப்பவர் யார், படிக்கத் தெரியாதவரிடம் செய்தி எவ்வாறு சேர்கிறது என்னும் வினாக்கள் அப்பாடத்திட்டங்களில் இடம்பெறவில்லை.

அவ்வினாக்கள் வானொலி வழியாகவே எழுந்தன. 1956ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் இணைந்து புனேயைச் சூழ்ந்த ஐந்து மாவட்டங்களில் 150 ஊர்களில் வானொலி ஊர் மன்றங்களை அமைத்தன. வாரத்துக்கு இருமுறை, அரைமணி நேர நிகழ்ச்சியாக மொத்தம் இருபது ஒலிபரப்புகள் நடந்தன. ஊர்ப் பொதுவிடத்தில் வைத்த ஒரே பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்த உழவர்கள், நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பற்றி விவாதித்து, தங்கள் ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். அவற்றுக்கான விடைகள் பின்வந்த ஒலிபரப்புகளில் சொல்லப்பட்டன. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பால் நியூரத் இதன் பயனை மன்றம் உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு அளந்தார். எழுத்தறியாத உழவரின் கேள்வி நிகழ்ச்சியின் அடுத்த பகுதியை வடிவமைத்த இந்த ஏற்பாட்டில்தான், இந்தியத் தொடர்பியல், அதாவது மனிதர்களிடையே செய்தியும் பொருளும் பரிமாறப்படும் விதத்தை ஆராயும் அறிவுத்துறை, தன் உண்மையான பொருளைக் கண்டது எனலாம்.

இதன் தொடர்ச்சியாகவே 1965 ஆகஸ்ட் 17 அன்று தில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தோன்றியது. வேளாண்மை, நலவாழ்வு, கல்வி ஆகியவற்றை முன்னேற்ற ஊடகங்களைப் பயன்படுத்தும் வளர்ச்சித் தொடர்பியல் அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. அதன் முதன்மையான அறிஞராகிய வில்பர் ஷ்ராமின் கருத்துகள் அந்நிறுவனத்தின் அமைப்பிலும் பதிந்தன. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்கு நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடத்தப்பட்டது. அண்டை மாநிலங்களாகிய ஆந்திரமும் கர்நாடகமும் அந்த ஆறில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. இச்சோதனையை ஒட்டி குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்த திட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஊராரின் தேவையை ஆய்ந்தறிந்த பின்னரே நிகழ்ச்சி தயாரிப்பது என்னும் ஒழுங்கைக் கடைப்பிடித்து, 1984இல் ஊரகத் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசைப் பெற்றது.

தமிழ்நாட்டில் இப்படிப்பு இரண்டு தடங்களில் வளர்ந்தது. ஒரு தடம் தமிழ்த் துறைகளின் வழியே சென்றது. முதுகலைத் தமிழ் மாணவர்க்கு இதழியல் ஒரு தாளாக வைக்கப்பட்டபோது, மா. பா. குருசாமியின் 'இதழியல் கலை' போன்ற நூல்கள் தலையங்கம், துணைத்தலைப்பு, செய்தியாளர் போன்ற சொற்களை வகுப்பறையில் நிலைநிறுத்தின. மற்றொரு தடம் 1990களில் சென்னை இலயோலாக் கல்லூரியை முன்னோடியாகக் கொண்டு பரவிய காட்சித் தொடர்பியல். புகைப்படம், வரைகலை, திரைப்படம், விளம்பரம் ஆகியவற்றை ஒரே பட்டத்தில் இணைத்த இப்படிப்பு, செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகிய அப்பத்தாண்டில் வேலைவாய்ப்புக்கு உறுதியளித்ததால், சில ஆண்டுகளிலேயே சிறுநகரக் கல்லூரிகளையும் எட்டியது. துறைகளின் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு, புனேயிலும் கேடாவிலும் கற்ற பாடம், அதாவது பேசுவதற்கு முன் கேட்பது, பாடத்திட்டத்தில் தழைக்கவில்லை என்பது வருந்தத்தக்க உண்மையாகும்.

அந்தக் குறையைத் தோல் வட்டாரத்தின் வரலாறு கூர்மையாக உணர்த்துகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் பயிலும் அத்தீர்ப்பு ஆங்கிலத்தில் உள்ளது. அது யாருடைய கிணற்றைப் பற்றியதோ அவர்கள் வீட்டில் பேசுவது தமிழும் உருதும் ஆகும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆகவே, இவ்வட்டாரத்தில் ஓர் எச்சரிக்கை உரியவரைச் சென்றடைய வேண்டுமானால் அது தமிழ், உருது, வங்காளம் ஆகிய மொழிகளைக் கடந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பயிற்சி தொடர்பியலுக்கே உரியது.

கருவிகள் இன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் அறிவித்ததன் தொடர்விளைவாக, ஒரு சிறு வட்டாரத்து மக்களே பங்கேற்று நடத்தும் சமுதாய வானொலிக்கு இடம் பிறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய நிலையம் நாட்டில் அவ்வகையில் முன்னோடியாயிற்று. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வேலூர் தொழில்நுட்ப நிறுவனமும் பின்னர் தனக்கெனச் சமுதாய வானொலி ஒன்றை அமைத்தது. நிலையமும் மாணவரும் இவ்வட்டாரத்திலேயே இருக்கும்போது, தோல் ஷாப்பின் வாசலில் நின்று பேட்டி எடுப்பதும், கிணற்று நீரின் உப்பளவை எளிய சொல்லில் விளக்குவதும், காலணித் தொழிற்சாலைப் பெண்களின் கேள்விகளுக்கு விடை தேடித் தருவதும் பட்டத்தின் பகுதியாக வேண்டும்.

அடையாற்றில் நாளிதழுக்கு எழுதப் பழக்கியதில் தொடங்கிய இக்கல்வி, புனேயின் சிற்றூர்களில் ஓர் உழவரின் கேள்விக்கு வானொலியே விடை சொன்னபோது முதிர்ச்சி பெற்றது. தோலின் ஓரத்தை அரிந்து உட்புறத்தைப் பார்க்காமல் பதம் சொல்லாத ஒரு தொழிலின் நடுவே வளரும் மாணவர்க்கு, மக்களின் உள்ளத்தைக் கேட்டறியாமல் பேசத் தொடங்கலாகாது என்பதைப் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. அந்த ஒழுக்கத்தைத் தொடர்பியலின் பாடத்திட்டம் ஏற்றுக்கொள்வதே தேவை.