பச்சைக் குவிமாடத்துக் குதிரைவீரன்

அப்பாஸிய கலீஃபா அல்மன்ஸூர் ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) பக்தாதை வட்ட வடிவ நகரமாக நிர்மாணிக்கத் தொடங்கினார். நகரின் நடுவே அவரது அரண்மனை. அதன் மேல் எண்பது முழ உயரத்தில் 'அல்குப்பத்துல் கள்ரா' என்னும் பச்சைக் குவிமாடம். அதன் உச்சியில் ஈட்டி ஏந்திய குதிரைவீரன் உருவம். காற்றின் போக்கிற்கேற்பச் சுழன்ற திசைகாட்டியே அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆனால் மக்கள் நாவில் அது வேறொன்றாயிற்று. வீரனின் ஈட்டி எத்திசையை நோக்குகிறதோ, அத்திசையில் கிளர்ச்சியாளன் ஒருவன் தோன்றுவான் என்றும், அதனைக் கண்டு கலீஃபா எச்சரிக்கை அடைவார் என்றும் கூறலாயினர். கத்தீபுல் பக்தாதி (ரஹ்) 'தாரீகு பக்தாத்' நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

ஹிஜ்ரி 626இல் (கி.பி. 1229) மறைந்த புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவி (ரஹ்) 'முஃஜமுல் புல்தான்' நூலில் இதனை அடியோடு மறுக்கிறார். அவரது வாதம் எளியது: அவ்வுருவம் எப்போதும் ஏதேனும் ஒரு திசையை நோக்கியே நிற்கும், அவ்வாறாயின் கிளர்ச்சியாளனும் எப்போதும் இருந்தாக வேண்டுமே! வரலாறும் அவர் பக்கமே நிற்கிறது. ஹிஜ்ரி 198இல் (கி.பி. 813) பக்தாத் முற்றுகையிடப்பட்டு, கலீஃபா அல்அமீன் கொல்லப்பட்டபோது அக்குவிமாடம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஹிஜ்ரி 329இல் (கி.பி. 941) பெருமழையும் இடியும் நிறைந்த ஓர் இரவில் அதன் உச்சி சரிந்தது.

கெய்ரோவிலும் இத்தகைய நிகழ்வொன்றைக் காண்கிறோம். ஹிஜ்ரி 265இல் (கி.பி. 879) நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளிவாசலின் மினாரா உச்சியில் படகு வடிவம் ஒன்று இருந்தது. அது சூரியனைத் தொடர்ந்து சுழல்கிறது என்பது பாமரர் நம்பிக்கை. 'அல்கிதத்' நூலில் மக்ரீஸி (ரஹ்) அது சரியன்று, காற்றோடுதான் சுழல்கிறது எனத் தெளிவுபடுத்துகிறார்.

கைவினைஞர் காற்றறியச் செய்து உயர்த்திய கருவி, கதை சொல்வோரிடம் மாயப் பொருளாயிற்று. அறிஞர் அதனை மீண்டும் கருவியாக்கினர். காற்றுகள் திசை மாறி வீசுவதைச் சிந்திப்போருக்குரிய அத்தாட்சியாகக் கூறும் திருமறை (2:164), வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும் பணிக்கிறது (49:6). இவ்விரண்டையும் ஒருசேரப் பேணியோர் நம் முன்னோர். அவர்களின் கட்டடங்களைப் போற்றும் நாம், இந்த விசாரிக்கும் பண்பையும் அவர்கள் விட்டுச்சென்ற செல்வமாகவே கொள்ள வேண்டும்.