தலைக்கணக்கும் தலைமுடியும்: நெய்யாற்றின்கரை–பாறசாலை எல்லைப்புறத்தில் தனிமனிதப் பராமரிப்புக் கோட்பாடு

அபக்கூக்கு நூலுக்கு உரை எழுதிய புனித ஜெரோமுக்கு ஓரிடத்தில் சங்கடம் வந்தது. நொடிக்கு நொடி எத்தனை கொசு பிறக்கிறது, எத்தனை சாகிறது என்று கடவுள் கணக்கு வைத்திருக்கிறார் எனச் சொல்வது அவருடைய மாட்சிக்கு இழுக்கு என்று எழுதினார். மனிதரைக் கடவுள் பராமரிக்கிறார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அந்தப் பராமரிப்பை எதுவரை கீழே இறக்கலாம் என்பதுதான் சிக்கல். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுக்குப் பின் தாமஸ் அக்குவினாஸ் இதை எடுத்துப் பேசினார். படைப்பவரின் ஆற்றல் எதுவரை செல்கிறதோ அதுவரை அவர் அறிவும் செல்லும். ஆகவே இனத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு தனிப்பொருளையும் கடவுள் அறிகிறார் என்பது அவர் முடிவு. சீர்திருத்தத் தரப்பில் கால்வின் இதையே இன்னும் கடுமையாகச் சொன்னார்.

இந்த விவாதத்தைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். காரணம் உண்டு. கடவுள் ஒவ்வொருவரையும் அறிகிறார் என்னும் போதனை இன்று பெரும்பாலும் அந்தரங்க ஆறுதலாகவே பிரசங்கிக்கப்படுகிறது. மனம் நொந்தவருக்கு மருந்து, அவ்வளவுதான். இந்த எல்லைப்புறத்தில் அது அப்படித் தொடங்கவில்லை. மனிதரைத் தலையாக எண்ணிய அதிகாரத்துக்கு எதிரான பொதுவெளி வாதமாகவே அது இங்கே வேர்பிடித்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வேதபகுதி. தலைமுடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்ற வாக்கு மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் வருகிறது. வீட்டுக்குள் அழுதுகொண்டிருப்பவரிடம் சொன்னதல்ல அது. ஆலோசனைச் சங்கங்களின் முன்னும் அதிபதிகளின் முன்னும் இழுத்துச் செல்லப்படப்போகிற சீடர்களிடம் சொன்னது. அதற்கு முந்திய வசனத்தில் வரும் குருவிகளுக்கோ சந்தை விலை இருக்கிறது: காசுக்கு இரண்டு. லூக்கா 12இல் கணக்கு சற்று மாறி, இரண்டு காசுக்கு ஐந்து ஆகிறது. மத்தேயுவின் விலைப்படி இரண்டு காசுக்கு நான்குதான், ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியும் மறக்கப்படவில்லை என்பதுதான் லூக்கா பகுதியின் கூர்மை. விலைப்பட்டியலும் வழக்குமன்றமும் அருகருகே நிற்கும் இந்தச் சூழலை உருவிவிட்டால் வசனம் வெறும் தாலாட்டாகிவிடும்.

தமிழ்ச் சமய மரபுக்கும் இது புதிய கேள்வியல்ல. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இரை உண்டு என்பது நம் வாய்மொழி. சிவன் எல்லா உயிருக்கும் படியளக்கிறாரா என்று சோதிக்க உமையம்மை எறும்பைச் சிமிழில் அடைத்துவைத்த கதையும், மதுரையில் மார்கழி அஷ்டமிச் சப்பரத்தன்று படியளக்கும் லீலை கொண்டாடப்படுவதும் யாவரும் அறிந்தவை. ஆனால் எறும்புக்குப் படி கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. தனிப்பட்ட நெருக்கம் தம்பிரான் தோழரான சுந்தரர் போன்ற அடியார்க்கு வாய்க்கும் பேறு. நெய்யாற்றின்கரையின் சொந்தக் கதையும் இதைத்தான் காட்டுகிறது. பகைவர் துரத்த, மார்த்தாண்ட வர்மா பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார். வழிகாட்டிய சிறுவன் கண்ணனே என்பது ஐதிகம். அம்மச்சிப் பிலாவு எனப்படும் அந்த மரம் இருக்குமிடம் கிருஷ்ணசாமி கோயில் வளாகம். ஆபத்தில் ஒரே ஒரு மனிதனைத் தேடிவந்து காத்த கடவுளின் கதை இது. ஆனால் அந்த ஒருவர் அரசராகப் போகிறவர். கதையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இறைவனின் தனிக்கவனம் யாருக்கு உரியது என்ற கற்பனை இவ்வூரில் எங்கே நின்றது என்பதற்கு அது சான்று.

அதே மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில்தான், எல்லைக்குச் சற்றுத் தெற்கே நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். யோபு இங்கே தற்செயலான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை. விவிலியத்தில் கடவுளின் அறிவைப் பற்றி மிகச் சிக்கலாகப் பேசும் நூல் அது. கடவுள் தன்னை அறியவில்லை என்று யோபு முறையிடவில்லை. எச்சில் விழுங்கக்கூட விடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றல்லவா 7ஆம் அதிகாரத்தில் அலுத்துக்கொள்கிறார்! முழுமையாக அறியப்படுவது சுமையாகவும் இருக்கலாம் என்பதை இக்கோட்பாட்டைப் போற்றுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இனி 19ஆம் நூற்றாண்டு. திருவிதாங்கூரில் நாடார், ஈழவர் போன்ற சாதியார்மீது தலைவரி இருந்தது. புலையர், பறையர் உள்ளிட்ட அடிமைச் சாதியார் நிலத்தோடு சேர்ந்த சொத்து. நிலத்துக்குரிய ஜென்மம், காணம், பாட்டம் என்ற அதே மூன்று வகையில் ஆட்களும் கைமாறினார்கள்: விற்கலாம், ஒற்றிவைக்கலாம், வாடகைக்கு விடலாம். புருஷன் ஓரிடத்துக்கும் பெண்டாட்டி வேறிடத்துக்கும் போக நேர்வதும் உண்டு. 1795இல் லண்டனில் தோன்றிய மிஷன் சங்கத்தின் பாறசாலை நிலையம் இந்த வயல்களுக்கு நடுவில்தான் இயங்கியது. அங்கே ஊழியம் செய்த ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டு அனுபவத்தை 1870இல் நூலாக்கினார். அடிமைகளை விடுவிக்கக் கோரி மிஷனரிகள் 1847இல் அரசருக்கு மனுக்கொடுத்தார்கள். முழு விடுதலைப் பிரகடனம் 1855 ஜூனில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் மத்திய திருவிதாங்கூரின் மல்லப்பள்ளிப் பக்கம் தெய்வத்தான் என்ற புலையர் ஞானஸ்நானம் பெற்று ஆபேல் ஆனார். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் ஒருவரின் உடைமை. சபைப் பதிவேட்டில் அவர் ஓர் ஆள். ஒரே உடலைப் பற்றி இரண்டு பதிவுகள், இரண்டும் பொருந்தாதவை. தலைமுடி எண்ணப்பட்டது என்ற வசனத்தின் அரசியல் இதுதான். விலைக்கணக்குக்குப் பக்கத்தில் அது வேறொரு கணக்கைத் திறந்து வைத்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும், இரண்டும் வலுவானவை. சபைப் பதிவேடும் ஒரு கண்காணிப்புத்தானே என்பது முதலாவது. உபதேசியார் கையிலிருந்த ஜாபிதாவில் யார் ஆராதனைக்கு வரவில்லை, யார் குடித்தார், எந்தக் குடும்பம் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியது எல்லாம் ஏறும். மேய்ப்பனின் அறிவை நவீன ஆட்சிமுறையின் மூலமாகக் கண்ட மிஷேல் ஃபூக்கோவுக்கு இது உடனே புரிந்திருக்கும். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. உபதேசியாரின் அறிவு மேலே அறிக்கையாகப் போவது. கடவுளின் அறிவு என்று சபையார் நம்பியதோ உபதேசியாரையும் சேர்த்தே பார்ப்பது. பதிவேட்டை வைத்திருப்பவரும் அறியப்பட்டவரே என்ற எண்ணம், பதிவேட்டுக்குக் கீழிருப்பவருக்கு ஒரு முறையீட்டு இடத்தைத் தருகிறது.

இரண்டாவது மறுப்பு பொய்கையில் யோகன்னானுடையது. கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்து, அங்கும் சாதி கண்டு வெளியேறி, 1909ஐ ஒட்டிப் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவிய அவரது கேள்வி எளிமையானது: எல்லாரையும் அறிந்த கடவுளின் புத்தகத்தில் எங்கள் அடிமை முன்னோர் எங்கே? இதற்கு விடையாக ஏதாவது ஒரு வசனத்தை எடுத்துக்காட்டுவது பண்பற்ற செயல். நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சபைகள் பலவும் சாதிவாரியாகவே திரண்டன. ஞாயிறன்று ஒரே கடவுளால் அறியப்பட்டவர்கள் திங்களன்று ஒருவரையொருவர் அறியாதவர்களாக நடந்துகொண்டார்கள். யோகன்னானின் கேள்வி கோட்பாட்டைப் பொய்யாக்குகிறது என்று நான் நினைக்கவில்லை. கோட்பாட்டை உண்மையென எடுத்துக்கொண்டவர் மட்டுமே அப்படிக் கோபப்பட முடியும்.

1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது இந்த எல்லைப்புற மக்கள் மறுபடி எண்ணப்பட்டார்கள், இம்முறை மொழியால். தமிழர் பெரும்பான்மை என்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும், கேரளத்தில் நின்றது. இரு மொழியிலும் ஜெபித்த குடும்பங்கள் சதவீதத்தில் ஏதோ ஒரு பக்கம் விழுந்தன. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லைகள் அப்படித்தான் போடப்படுகின்றன.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோதுதான் இரண்டு கணக்குகளும் நேருக்கு நேர் மோதின. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடைசிக் கடற்கரையூர் பொழியூர். அதையடுத்து நீரோடி, தமிழ்நாடு. நீரோடி உள்ளிட்ட தூத்தூர் வட்டாரப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தும் திருச்சபை அமைப்பில் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுகளின் எண்ணும் திருச்சபையின் எண்ணும் பொருந்தவில்லை. பங்குகளில் தயாரானது எண் அல்ல, பட்டியல்: ஆள் பெயர், வீடு, எந்தப் படகில் யாரோடு போனார் என்ற விவரம். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ள வழக்கமாக ஏழாண்டு காத்திருக்கச் சொல்கிறது சட்டம். இங்கே காணாமல் போனவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க இரு மாநிலங்களும் இசைந்தன. இதைப் பக்தியின் வெற்றி என்று எழுதினால் மிகை. மீனவர் போராட்டமும் ஊடக வெளிச்சமும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனாலும் பெயரில்லாத எண்ணை ஏற்க மாட்டோம் என்ற அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால், திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து கல்லறைப் பதிவேடு வரை ஓர் ஆளைப் பெயராகவே வைத்திருக்கும் நெடிய பழக்கம் இருக்கிறது.

அந்தப் பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. பங்குக்காரரைப் பங்கு அறியும். எந்தப் பங்கேட்டிலும் இல்லாத கூலியாள் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து படகில் ஏறியிருந்தால் அவர் பெயரை யார் கொண்டுவருவது? அக்குவினாஸ் கடவுளுக்குச் சொன்ன அறிவு அந்த ஆளையும் விடாது. அந்த அறிவைத் தன் நம்பிக்கையாக அறிக்கையிடும் சபை, தன் பதிவேட்டுக்கு வெளியே இருப்பவரைத் தேடிப்போகும் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடிமை ஓலையில் விலையாக மட்டும் இருந்தவர்களை ஆட்களாக எழுதத் துணிந்த பாறசாலை நிலையம் ஒரு காலத்தில் செய்ததும் அதைத்தான்.