பாக்பஜாரில் நிவேதிதா தேவி

தமிழ் வாசகர்களுக்கு நிவேதிதா தேவியின் நாமம் பெரும்பாலும் பாரதியார் வழியாகவே பரிச்சயமாயிற்று. 1908-இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்க'ளையும், மறுவருஷம் வந்த 'ஜன்மபூமி'யையும் கவிஞர் அந்த அம்மையாருக்கே ஸமர்ப்பணம் செய்தாராதலின், பாரத மாதாவின் தரிசனத்தை அவருக்குக் காட்டிய குரு என்ற அளவிலே நாம் தேவியை வணங்கி நின்றுவிடுகிறோம். வணக்கம் நியாயமானதே, ஆயினும் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவிய நாட்களில் அவர் செய்த தொண்டை அறியாதவர் அந்தக் குருவைப் பாதியே அறிந்தவர் என்பது என் துணிபு.

1896-இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், இரண்டு வருஷங்களுக்குள் கல்கத்தாவையும் எட்டியது. ஜனங்கள் நோய்க்கு அஞ்சியதைவிட, உத்தியோகஸ்தர்கள் வீடு புகுந்து நோயாளியைப் பிரித்துக்கொண்டு போவார்கள், பலவந்தமாக ஊசி குத்துவார்கள் என்றே அதிகம் அஞ்சி, மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடினார்கள். அவ்வேளையில் விவேகானந்தர் வங்காளியிலும் ஹிந்தியிலும் அபய வாசகங்கள் அச்சிட்டு வழங்கினார்; பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டபோது, மடத்துக்கென்று புதிதாக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார். 1899 மார்ச் 31-ஆம் தேதி ராமகிருஷ்ண மிஷனின் பிளேக் நிவாரண வேலை ஆரம்பமாயிற்று. அதன் காரியதரிசிப் பொறுப்பு, அயர்லாந்தின் டங்கானன் நகரில் மார்கரெட் நோபிள் என்ற பெயரோடு பிறந்து, பள்ளி ஆசிரியையாக இருந்து, இந்தியாவுக்கு வந்து பதினான்கு மாதங்களே ஆகியிருந்த நிவேதிதா தேவியிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அன்னசத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் நம் தேசத்துக்குப் புதியவையல்ல. ஆனால் காலேஜில் படிக்கும் வாலிபர்கள் குழுவாகத் திரண்டு, பிறர் வாழும் சேரியின் சாக்கடையைத் தள்ளிச் சுத்தம் செய்வது என்பது, ஜாதி ஆசாரம் கெட்டிப்பட்டிருந்த அந்நாளில் கனவிலும் எண்ணாத காரியம். மிஷனைச் சேர்ந்த ஸதானந்த ஸ்வாமி தோட்டிகளை அழைத்துக்கொண்டு குப்பை அள்ள, தேவி ஒருநாள் ஆள் கிடைக்காமல் தாமே விளக்குமாறு எடுத்து வீதியைப் பெருக்கத் தொடங்கியதும், அக்கம்பக்கத்து இளைஞர்கள் வெட்கமுற்று ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். ஏப்ரலில் அவர் மாணவர்களிடையே பிளேக்கையும் அவர்கள் கடமையையும் பற்றிப் பிரசங்கம் செய்தபின், சிலர் தாமாகவே பெயர் கொடுத்தனர். இன்று வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் மாணவர்கள் மண்வெட்டியோடு புறப்படுவதை நாம் இயல்பென்று எண்ணுகிறோம். அந்த இயல்புக்கு வித்திட்டவர்களில் இவரும் ஒருவர்.

இன்று தம் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி விளங்கப்பெற்ற டாக்டர் ராதாகோவிந்த கர் அக்காலத்தில் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் ஒரு குடிசையில் பிளேக் கண்ட சிறு குழந்தையைக் காலையில் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பினால், அக்குழந்தையைப் பற்றி விசாரிக்கத் தேவி அங்கே காத்திருந்தார். நோயின் அபாயத்தை டாக்டர் எடுத்துச் சொன்னார். மாலையில் மீண்டும் போனபோது, தாயற்ற அக்குழந்தை ஈரம் கசியும் அந்தக் குடிசையில் தேவியின் மடியில் கிடந்தது. இரவு பகல் அவர் அங்கேயே இருந்தார். குடிசையைச் சுத்திகரிக்க வேண்டுமென்றபோது சிறிய ஏணியைச் சாத்தி ஏறிச் சுவர்களுக்குத் தாமே வெள்ளையடித்தார். இரண்டு நாட்களில் குழந்தை அவர் கைகளிலேயே இறந்தது. அன்றைக்குப் பாலும் பழமுமே ஆகாரமாக இருந்த அவர், ஒரு நோயாளியின் செலவுக்காகப் பாலையும் நிறுத்திவிட்டாராம்.

1906-இல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, பாரிசால் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓடத்தில் சென்றும், தண்ணீரில் நடந்தும் அவர் வீடு வீடாக விசாரித்தார். அரிசி வழங்குவதோடு அவர் மனம் அமையவில்லை. நெல் விளைந்த வயல்களில் சணல் பெருகியதால், கையில் காசும் களஞ்சியத்தில் வெறுமையுமாகக் குடியானவன் நின்ற காரணத்தை ஆராய்ந்து, தாம் எழுதிய நூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பஞ்சத்தைத் தெய்வ கோபமென்று விட்டுவிடாமல், பட்டினியையும் சந்தையையும் இணைத்துக் கண்ட அந்தப் பார்வையையே அவருடைய தொண்டில் மிக உயர்ந்ததாக நான் மதிக்கிறேன்.

அந்தப் பிரயாணத்திலிருந்து மலேரியாவோடு திரும்பிய தேகம் பழைய பலத்தை அடையவில்லை. 1911 அக்டோபர் 13-ஆம் தேதி, நாற்பத்து நான்கு வயது நிறையுமுன், ஜகதீச சந்திர போஸ் தம்பதிகளின் பராமரிப்பில் டார்ஜிலிங்கில் அவர் காலமானார். அதற்குச் சில தினங்களுக்கு முன், தம்மிடமிருந்த பொருளையும் தம் நூல்களின் வருமானத்தையும் இந்தியப் பெண்களின் தேசியக் கல்விக்கென்று பேலூர் மடத்தின் தர்மகர்த்தர்களிடம் சேர்க்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார்.