புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகம்: தள அமைப்பின் வரலாறு

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கிரவுன் ஹைட்ஸ் வட்டாரத்துப் புரோவர் பூங்காவில் உள்ள அருங்காட்சியகம். 1899 டிசம்பரில் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்ட உலகின் முதல் அருங்காட்சியகம் இதுவே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

தொடக்கத்தில் பூங்காவுக்குள் இருந்த ஆடம்ஸ் மாளிகையில் இயங்கியது. குடியிருக்கக் கட்டிய வீடாதலால் அறைகளின் அளவே காட்சிகளின் அளவையும் தீர்மானித்தது. 1902இல் பணியில் சேர்ந்து 1937 வரை நீடித்த அன்னா பில்லிங்ஸ் கேலப், பொருள்களைக் குழந்தைகள் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை வளர்த்தார். பின்னர் பக்கத்து மாளிகை ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட, பெட்ஃபோர்டு அவென்யூவில் ‘மியூஸ்’ என்ற தற்காலிக இடத்தில் பணி தொடர்ந்தது.

தள அமைப்பின் வரலாற்றில் 1977ஆம் ஆண்டுக் கட்டடத்துக்கே முதலிடம். ஹார்டி ஹோல்ஸ்மன் ஃபைஃபர் நிறுவனம் வடிவமைத்த இதன் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருந்தது; கூரையே பூங்காவின் திறந்தவெளியாகப் பயன்பட்டது. நுழைவாயில், குயின்ஸ்பரோ பாலத்தருகே டிராம் பயணிகள் படியிறங்கப் பயன்பட்ட பழைய இரும்புக் கூண்டு. அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். கூண்டுக்குள் நுழைந்த குழந்தையின் முன்னால், மழைநீர் வடிகாலுக்குப் பயன்படும் நெளிதகட்டு எஃகுக் குழாய் ஒன்று ஆளுயரத்துக்கும் மேலாக வாய் திறந்திருக்கும். ‘மக்கள் குழாய்’ எனப்பட்ட இது சுமார் 180 அடி நீளம். நியான் விளக்கு வளையங்களின் கீழே, கட்டடத்தின் ஊடாகச் சரிந்து இறங்கும். நடப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஓடையும் ஓடும். மதகைத் திறந்து மூடவும் நீர்ச்சக்கரத்தைச் சுழலவிடவும் குழந்தைகளுக்குத் தடையில்லை. அடுக்கடுக்கான காட்சித் தளங்களுக்கு இந்தக் குழாயிலிருந்தே பிரிந்து செல்ல வேண்டும். நடைவழி, அடையாளக் குறி, காட்சிப்பொருள் மூன்றும் ஒன்றாகவே அமைந்தது இந்த வரைபடத்தின் தனிச்சிறப்பு. கீழே போகும் வழியைக் குழந்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீரோடு போனால் போதும்.

கட்டடத்தைப் புதைத்ததற்குப் பூங்காவின் பரப்பைக் காப்பதே காரணம் என்பது வழக்கமான விளக்கம். நிலத்தடிக்கு இறங்கும் அனுபவமும் அதே அளவு எண்ணப்பட்டிருக்கலாம்; டிராம் கூண்டைத் தேர்ந்தது அதற்கு ஆதரவாக நிற்கிறது. மண்ணுக்கடியில் இருந்ததால் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அருங்காட்சியகம் தென்படாமல் போனது என்ற குறையும் உண்டு. இதை எந்த அளவுக்குக் குறையாகக் கருதுவது என்பதில் கருத்து வேறுபடலாம்.

2008இல் ரஃபேல் வின்யோலியின் விரிவாக்கம் முடிந்தது. மஞ்சள் ஓடுகள் போர்த்திய இரண்டு மாடிப் பகுதி, பழைய கட்டடத்தை ‘எல்’ வடிவில் வளைத்து நின்று, பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. வட்டச் சாளரங்கள் வெவ்வேறு உயரங்களில் உள்ளன. சிலவற்றின் வழியே சிறு குழந்தைகளும் நின்றபடியே வெளியே பார்க்கலாம். டிராம் கூண்டு ரூஸ்வெல்ட் தீவுக்கு மாற்றப்பட்டு, அங்கே பார்வையாளர் மையமாக உள்ளது. பின்னர் தோஷிகோ மோரி வடிவமைத்த பந்தல் ஒன்று கூரைத்தளத்தில் எழுந்தது.