வெயில் ஊரில் வைட்டமின் டி

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பாவோடு வாக்கிங் போகும் பெரியவர்கள் பலர் கையிலும் ஒரே மாதிரி ரிப்போர்ட்: வைட்டமின் டி குறைவு. "வருஷம் பூராவும் வெயில் அடிக்கிற ஊரில் இதென்ன கூத்து?" என்று இங்கே ஸ்காட்லாந்தில் நண்பர்கள் கேட்கிறார்கள். இதற்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது.

1919ல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, எலும்பு வளைந்த நாய்க்குட்டிகளை மீன் எண்ணெய் கொடுத்துத் தேற்றினார். அதே வருஷம் பெர்லினில் ஹல்ட்ஷின்ஸ்கி, புற ஊதா விளக்கின் கீழ் குழந்தைகளைக் காட்டியே ரிக்கெட்ஸைக் குணப்படுத்தினார். 1922ல் அமெரிக்காவில் மெக்காலம், மீன் எண்ணெயில் வைட்டமின் ஏ தவிர வேறொன்றும் இருக்கிறது என்று காட்டினார். ஏ, பி, சி எல்லாம் போய்விட்டதால் இதற்கு 'டி'. 1970ல் கேம்பிரிட்ஜில், இதன் இறுதி வடிவம் சிறுநீரகத்தில் உருவாகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆக, பெயர்தான் வைட்டமின். செய்யும் வேலை ஹார்மோன் வேலை.

நம்மைப் போல் புலம்பெயர்ந்தவர்களுக்கு முக்கியமான வருஷம் 1962. கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸும் எலும்பு மென்மையும் இருப்பதை டன்னிகனும் அவரது சகாக்களும் எழுதினார்கள். 1981ல் பிரிட்டனில் ஆசியக் குடும்பங்களுக்காகத் தனி பிரச்சாரமே நடந்தது. குளிர்நாட்டுப் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2000ல் வந்த டெல்லி ஆய்வு அதை உடைத்தது. வெயிலில் வேலை செய்த ராணுவ வீரர்களைவிட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அளவு மிகக் குறைவு. வெயில் வெளியே இருக்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம்!

இன்னொரு சங்கதி. தோலில் டி உருவாக்கும் கதிர், சூரியன் உச்சியை நெருங்கும்போதுதான் போதுமான அளவு கிடைக்கும். காலை 6 மணி வாக்கிங் இதயத்துக்கு நல்லது. டி கணக்கில் ஏறாது. கருத்த தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். வயதானால் தோலின் திறனும் பாதிக்குக் கீழே போய்விடுகிறது.

சரி, தளர்ச்சிக்கு வருவோம். 2001ல் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளம் சொன்னார்கள்: எடை குறைதல், சோர்வு, கைப்பிடி பலம் குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல். மூன்று இருந்தால் தளர்ச்சி. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரை 3,369 ஆண்களைப் பார்த்த ஆய்வில், டி குறைந்தவர்களிடம் தளர்ச்சி அதிகம் தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்கும் தளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் எது காரணம், எது விளைவு? தளர்ந்தவர் வீட்டிலேயே இருப்பார், வெயிலும் படாது.

ஹார்மோன் ஆசை பழசு. 1889ல் பாரிசில் 72 வயது பிரௌன்-செக்கார், விலங்கு விரைச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். 2016ல் அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 790 பேரிடம் டெஸ்டோஸ்டிரோனைச் சோதித்தபோது, நடையில் பெரிய முன்னேற்றம் இல்லை. டி மாத்திரையும் அப்படித்தான்: 25,871 பேருக்கு நடந்த ஆய்வில், தினம் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022ல் சொன்னார்கள். 2016ல் வெளியான ஜூரிக் ஆய்வில், மாதம் 60,000 யூனிட் எடுத்த முதியவர்கள் குறைந்த டோஸ் எடுத்தவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். நம்மூர் மெடிக்கல் ஷாப் பாக்கெட்டிலும் அதே 60,000தான்.

அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உண்மையான குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் பாக்கெட் தேவைதான். 2024ல் வந்த எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல், 75 வயதைத் தாண்டியவர்களுக்கு டி கொடுக்கலாம் என்கிறது; மொத்தமாக ஒரே டோஸில் ஊற்றுவதைவிட தினசரி சின்ன அளவு மேல் என்றும் சொல்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போன் பேசும்போது, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு இதையும் கேளுங்கள்: நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறாரா? இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தாரா? போன மாதத்தைவிட நடை மெதுவாகிவிட்டதா? பருப்பு, பால், முட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நம்ம அப்பாக்கள் தாங்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்கணும்.